பிள்ளைகளின் பக்கம் நின்ற பேனா

1941ஆம் ஆண்டின் குளிர்காலம். சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் ஒரு வீட்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நியூமோனியாக் காய்ச்சலில் படுத்திருந்தாள். ஐரோப்பா எங்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அயல் நாடுகளான டென்மார்க்கும் நோர்வேயும் ஜேர்மன் இராணுவத்தின் பிடியில் இருந்தன. கட்டிலருகே அமர்ந்திருந்த தாயிடம் அந்தச் சிறுமி, "பிப்பி லோங்ஸ்ட்ரும்பின் கதையைச் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டாள்.

அப்படி ஒரு பெயரைத் தாய் அதற்கு முன்னர் கேள்விப்பட்டதே இல்லை. மகள் அந்தக் கணத்தில் தானாக உருவாக்கிய பெயர் அது. "யார் அது?" என்று தாய் திருப்பிக் கேட்கவில்லை. அந்த விசித்திரமான பெயருக்குப் பொருத்தமாக ஒரு விசித்திரமான சிறுமியைக் கற்பனை செய்து கதை சொல்லத் தொடங்கினார்.

அந்தத் தாயின் பெயர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென். பிற்காலத்தில் உலகெங்கும் பிள்ளைகள் வாசித்த மாயக் கதைகளை எழுதியவர். அவருடைய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. ஆயினும் அவர் பெற்ற புகழைப் பற்றிக் கூறுவதற்காக மட்டும் இக்கட்டுரை எழுதப்படவில்லை. திருமணமாகாமல் பிள்ளை பெற்றவர், பெற்ற பிள்ளையை அந்நிய வீட்டில் விட்டுப் பிரிந்தவர், இடை வயதில் கணவனை இழந்தவர் என்று அவர் கடந்து வந்த பாதையில் எமது சகோதரிகள் பலருக்குப் பழக்கமான இடங்கள் உள்ளன. அந்தப் பாதையில் நின்று அவர் பிள்ளைகளைப் பற்றி என்ன கற்றுக்கொண்டார் என்பதே எமக்கு முக்கியமானது.

குசினியில் கேட்ட முதற்கதை

அஸ்ட்ரிட் 1907ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, தெற்குச் சுவீடனில் விம்மர்பி என்ற சிறு நகரின் அருகே பிறந்தார். பெற்றோர் சாமுவேல் ஓகஸ்டும் ஹன்னாவும் திருச்சபைக்குச் சொந்தமான பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்தவர்கள். நான்கு பிள்ளைகளில் அஸ்ட்ரிட் இரண்டாமவர். பிள்ளைகள் வயல் வேலையில் கைகொடுக்க வேண்டும். வேலை முடிந்தால் ஓடி விளையாட முழுச் சுதந்திரம் இருந்தது. பாதுகாப்பும் சுதந்திரமும் சேர்ந்தே கிடைத்த குழந்தைப் பருவம் என்று பிற்காலத்தில் அவர் அதனை நினைவுகூர்ந்தார்.

அந்தப் பண்ணையில் மாடு பார்க்கும் தொழிலாளியின் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களின் வசதி குறைந்த குசினியில்தான் சிறுமி அஸ்ட்ரிட் முதன்முதலாக ஒரு மாயக் கதையைக் கேட்டார். அந்த வீட்டின் மகள் எடித் ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். அரக்கனும் தேவதையும் வரும் கதை அது. பெரிய நூலகமோ படித்த ஆசிரியரோ இல்லாத ஓர் அடுப்படியில், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு வாசித்த கதையே இந்த எழுத்தாளரின் தொடக்கம்.

ஊர்வாயும் ஓர் இளம்பெண்ணும்

பாடசாலைக் கல்வி முடிந்ததும் அவர் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கர்ப்பமுற்றார். பிள்ளையின் தந்தை அப்பத்திரிகையின் ஆசிரியர். அவரைவிட ஏறத்தாழ முப்பது வயது மூத்தவர். திருமணமாகிப் பல பிள்ளைகளுக்குத் தந்தையானவர். அவர் அஸ்ட்ரிட்டை மணம் முடிக்கவும் விரும்பினார். அஸ்ட்ரிட் மறுத்துவிட்டார். பிள்ளை வேண்டும், அந்த மனிதர் வேண்டாம் என்பதே அவரது முடிவு.

1926ஆம் ஆண்டில் ஒரு சிறிய ஊரில் இது எப்படிப்பட்ட பேச்சாக இருந்திருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. குடும்பமோ திருச்சபையின் காணியில் வாழும் குடும்பம். அஸ்ட்ரிட் ஊரைவிட்டு ஸ்டொக்ஹோமுக்குப் போனார். அங்கே தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்றார். அக்காலத்தில் சுவீடனின் சட்டத்தரணிகள் சங்கத்தில் முதற் பெண் உறுப்பினராக விளங்கிய ஈவா ஆண்டேன் என்பவரைத் தேடிச் சென்று ஆலோசனை கேட்டார். தனித்து நிற்கும் பெண்களுக்கு உதவுபவர் அந்தச் சட்டத்தரணி. டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில், தந்தையின் பெயரைக் கேட்காமல் பிரசவம் பார்க்கும் வைத்தியசாலை ஒன்று இருந்தது. ஈவா ஆண்டேன் அதற்கு வழிகாட்டியதோடு, அந்நகரிலேயே நல்ல வளர்ப்புத் தாய் ஒருவரையும் ஒழுங்கு செய்து கொடுத்தார்.

1926ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி லார்ஸ் பிறந்தான். வீட்டில் அழைக்கும் பெயர் லாசே. அம்மாத இறுதியில், பச்சைக் குழந்தையை மாரி ஸ்டீவன்ஸ் என்ற அந்த வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டு இளம் தாய் திரும்ப வேண்டியிருந்தது.

இரவுப் புகையிரதம்

ஸ்டொக்ஹோமில் அஸ்ட்ரிட் அலுவலக வேலை பார்த்தார். சம்பளம் குறைவு. ஊரிலிருந்து தாய் அனுப்பும் உணவுப் பொதி வந்தால்தான் வயிறு நிறையும் என்ற நிலையும் இருந்தது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் வார இறுதியில் கொப்பன்ஹேகனுக்குப் புறப்படுவார். இரவு முழுவதும் புகையிரதப் பயணம். சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை மீண்டும் புறப்பட வேண்டும். திங்கட்கிழமை காலையில் வேலை. மூன்று ஆண்டுகளில் சுமார் ஒரு டசின் தடவைகளே அவரால் மகனைப் பார்க்க முடிந்தது. வளர்ப்புத் தாய் அன்பானவர். பிள்ளையைப் பற்றிக் கடிதங்கள் எழுதினார். இருந்தும், பெற்ற தாய்க்குப் பிள்ளையின் வாழ்வு கடிதத்தில் வரும் செய்தியாகவே இருந்தது.

1929ஆம் ஆண்டின் இறுதியில் வளர்ப்புத் தாய் நோயுற்றார். லாசேயை ஸ்டொக்ஹோமுக்கு அழைத்துவர வேண்டியதாயிற்று. மூன்று வயதுப் பிள்ளை டெனிஷ் மொழியே பேசினான். அவனுக்குப் பழக்கமான வீடும் முகமும் கொப்பன்ஹேகனில் இருந்தன. ஒரு வாடகை அறையில், புதிய மொழியில், தாய் என்று சொல்லப்படும் பெண்ணோடு அவன் வாழப் பழக வேண்டியிருந்தது. சில மாதங்களின் பின் அஸ்ட்ரிட்டின் பெற்றோர் பேரனைத் தமது பண்ணைக்கு அழைத்துச் சென்றனர். ஊர் என்ன சொல்லும் என்று அன்று அஞ்சிய அதே வீடு, இப்போது பிள்ளையை ஏற்றுக்கொண்டது.

1931இல் அஸ்ட்ரிட், ஸ்தூரே லிண்ட்கிரெனை மணந்தார். அதன் பின்னர்தான் லாசே தாயுடன் நிரந்தரமாகச் சேர்ந்தான். 1934இல் மகள் கரின் பிறந்தாள்.

பிள்ளையைப் பிரிந்திருந்த அந்த மூன்று ஆண்டுகள் அஸ்ட்ரிட்டின் மனதைவிட்டு என்றுமே அகலவில்லை. வேறு வழி இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் குற்றவுணர்வு போகவில்லை. தான் எப்படியும் எழுத்தாளராகியிருப்பேன், ஆனால் லாசே இல்லாவிட்டால் உலகறிந்த எழுத்தாளராகியிருக்க மாட்டேன் என்ற கருத்தை அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பிரிவில் தவிக்கும் பிள்ளையின் மனதை அவர் அங்கேதான் படித்தார் எனலாம்.

யுத்தக் குறிப்பேடுகள்

1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி ஜேர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. அன்றே இந்த இல்லத்தரசி ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். 1945ஆம் ஆண்டின் இறுதிவரை அப்பழக்கத்தைக் கைவிடவில்லை. பத்திரிகைத் துண்டுகளையும் வெட்டி ஒட்டினார். பதினேழு கொப்பிகள் நிறைந்தன. அவற்றில் உலகச் செய்தியும் வீட்டுச் செய்தியும் அருகருகே கிடக்கின்றன. ஒரு பக்கத்தில் நகரங்கள் வீழ்கின்றன. அடுத்த பக்கத்தில் பங்கீட்டு உணவும் பிள்ளையின் பிறந்தநாளும் வருகின்றன.

சுவீடன் அந்த யுத்தத்தில் நடுநிலை வகித்தது. 1940 முதல் அஸ்ட்ரிட் கடிதத் தணிக்கைப் பிரிவில் வேலை செய்தார். வெளிநாட்டுக்குப் போகும், வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களைத் திறந்து வாசிக்கும் இரகசிய வேலை அது. யூத மக்கள் பலவந்தமாகப் போலந்துக்கு நாடு கடத்தப்படுவதை அக்கடிதங்கள் ஊடாக அவர் அறிந்தார். தன் வீட்டில் விளக்கு எரியும்போது அயல் நாட்டில் பிள்ளைகள் இருளில் இருக்கிறார்கள் என்ற எண்ணம் அவரை வருத்தியது. இந்தக் குறிப்புகள் அவர் இறந்து பல ஆண்டுகளின் பின்னர், 2015ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தன. யுத்தத்தின் வரலாற்றைத் தளபதிகள் மட்டுமன்றி, சமையலறை மேசையில் இருந்து ஒரு தாயும் எழுத முடியும் என்பதற்கு அவை சான்று.

சறுக்கி விழுந்ததில் பிறந்த நூல்

கரினுக்காகத் தொடங்கிய பிப்பியின் கதை மூன்று ஆண்டுகளாக வாய்க்கதையாகவே இருந்தது. 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் அஸ்ட்ரிட் பனியில் சறுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். படுக்கையில் இருக்க வேண்டிய நிலை. அலுவலக வேலைக்காகக் கற்ற சுருக்கெழுத்தில் கதைகளை எழுதினார். அவ்வாண்டு மே மாதம் கரினின் பத்தாவது பிறந்தநாளுக்கு அதையே பரிசாகக் கொடுத்தார். பிரதி ஒன்றைப் பெரிய பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார். அவர்கள் அதைத் திருப்பி அனுப்பினர். 1945இல் வேறொரு சிறிய பதிப்பகம் நடத்திய போட்டியில் திருத்திய பிரதிக்கு முதற் பரிசு கிடைத்து, அது நூலாகியது.

பிப்பிக்கு ஒன்பது வயது. தாய் இறந்துவிட்டாள். கப்பல் தலைவனான தந்தை கடலில் காணாமல் போய்விட்டார். அவர் ஒருநாள் திரும்பி வருவார் என்று உறுதியாக நம்பி, ஒரு பழைய வீட்டில் குரங்குடனும் குதிரையுடனும் தனியே வாழ்கிறாள். குதிரையை இரு கையால் தூக்கும் பலம் அவளுக்கு உண்டு. அந்தப் பலத்தால் அவள் எளியவரைத் துன்புறுத்துவதில்லை. துன்புறுத்துபவர்களைத் தடுக்கவே அதைப் பயன்படுத்துகிறாள். பெரியவர்களுக்கு அடங்காத பிள்ளையைக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று பேராசிரியர் ஒருவர் 1946இல் பத்திரிகையில் சாடினார். பிள்ளைகளோ நூலைக் கைவிடவில்லை.

தனித்த பிள்ளைகளின் மாய உலகங்கள்

1952இல் கணவர் ஸ்தூரே காலமானார். அப்போது அஸ்ட்ரிட்டுக்கு நாற்பத்து நான்கு வயது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. காலையில் கட்டிலில் இருந்தபடியே சுருக்கெழுத்தில் எழுதுவார். பிற்பகலில் பதிப்பகத்தில் சிறுவர் நூல்களின் பதிப்பாசிரியராகப் பணியாற்றுவார். 1946 முதல் 1970 வரை இந்த இரட்டை வேலை நடந்தது. அவருடைய மிக ஆழமான கதைகள் இக்காலத்திலும் இதன் பின்னருமே வெளிவந்தன.

1954இல் வந்த 'மியோ, என் மகனே' என்ற கதையில், வளர்ப்புப் பெற்றோரிடம் அன்பின்றி வாழும் சிறுவன் ஒருவன் பூங்காவின் வாங்கில் தனியே இருக்கிறான். அங்கிருந்து தொலைதூர தேசமொன்றுக்குப் போகிறான். அந்த நாட்டின் அரசனே அவனைத் தேடிக்கொண்டிருந்த அவனது தந்தை. 1956இல் வந்த இன்னொரு நூலில், அநாதை இல்லத்துச் சிறுவன் ராஸ்முஸ் தன்னைத் தத்தெடுக்க யாராவது வருவார்களா என்று ஏங்குகிறான். இந்நூலுக்காகவே 1958இல் சிறுவர் இலக்கியத்தின் உயர்ந்த விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது.

1973இல் வெளிவந்த 'சிங்க நெஞ்சச் சகோதரர்கள்' பலரை அதிர வைத்த நூல். தந்தை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாய் தையல் வேலை செய்து இரு மகன்களை வளர்க்கிறாள். இளையவன் தீராத நோயாளி. வீடு தீப்பற்றியபோது தம்பியை முதுகில் சுமந்து குதித்த அண்ணன் இறந்துபோகிறான். பின்னர் இருவரும் மரணத்துக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டில் சந்தித்து, கொடுங்கோலன் ஒருவனை எதிர்க்கும் மக்களோடு சேர்கின்றனர். மரணத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசலாமா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். பிள்ளைகளிடமிருந்தோ அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. மரணத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசாமல் இருந்தாலும் பிள்ளைகள் அதை நினைக்காமல் இருப்பதில்லை.

1981இல் வந்த 'ரோன்யா' இரண்டு கொள்ளையர் கூட்டங்களின் கதை. பரம்பரைப் பகை. ஒரு தலைவனின் மகள் ரோன்யாவும் மறு தலைவனின் மகன் பிர்க்கும் நண்பர்களாகின்றனர். தந்தையரின் பகையை நாங்கள் சுமக்க மாட்டோம், கொள்ளையடிக்கவும் மாட்டோம் என்று பிள்ளைகள் தீர்மானிக்கின்றனர். பெரியவர்களால் முடிக்க முடியாத சண்டையை அந்தத் தீர்மானமே முடித்து வைக்கிறது.

குசினித் தட்டில் ஒரு கல்

1978ஆம் ஆண்டு ஜேர்மனியின் புத்தக வணிகர் சங்கம் தனது சமாதானப் பரிசை அவருக்கு வழங்கியது. பிராங்பேர்ட் நகரில் அவர் ஆற்றிய ஏற்புரையில் நாடுகளின் ஆயுதங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. வீட்டுக்குள் ஓங்கும் கையைப் பற்றிப் பேசினார். முதிய பெண் ஒருவர் தனக்குச் சொன்ன சம்பவத்தையும் அங்கே எடுத்துக் கூறினார்.

அந்தப் பெண் இளம் தாயாக இருந்த காலத்தில், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பதே வழக்கம். ஒருநாள் மகன் குழப்படி செய்தான். அடி கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்து, பிரம்பை நீயே தேடிக்கொண்டு வா என்று அவனை வெளியே அனுப்பினாள். நெடுநேரம் கழித்து அவன் அழுதபடி வந்தான். தடி கிடைக்கவில்லை, எனக்கு எறிவதற்கு இந்தக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினான். அந்தக் கணத்தில் அந்தத் தாய் எல்லாவற்றையும் பிள்ளையின் கண்ணால் பார்த்தாள். அம்மாவுக்கு என்னை நோகடிக்க வேண்டும், அதற்குக் கல்லும் உதவும் என்றே அவன் விளங்கிக்கொண்டிருந்தான். தாய் அவனை அணைத்து அழுதாள். அந்தக் கல்லைக் குசினித் தட்டில் வைத்தாள். இனி ஒருபோதும் அடிப்பதில்லை என்று தனக்குத் தானே கொடுத்த வாக்கின் அடையாளமாக அது அங்கேயே இருந்தது.

அடுத்த ஆண்டு, 1979இல், பிள்ளைகளை வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றிய முதல் நாடாகச் சுவீடன் ஆனது. பலர் பல காலம் உழைத்துப் பெற்ற சட்டம் அது. அந்தக் குரல்களில் அஸ்ட்ரிட்டின் குரலும் ஒன்று. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய சட்டம் உள்ளது.

அவர் 2002ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி, தொண்ணூற்று நான்காவது வயதில் காலமானார். இறுதிக் கிரியை மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச பெண்கள் தினத்தன்று நடைபெற்றது. அவர் பெயரால் சுவீடன் அரசு அதே ஆண்டில் சிறுவர் இலக்கியத்துக்கான சர்வதேச விருதொன்றை நிறுவியது.

எமது வீடுகளில்

சகோதரிகளே, 2009இல் யுத்தம் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. கணவனைப் பறிகொடுத்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுபவர்கள், பிள்ளையை விடுதியில் சேர்த்தவர்கள், அம்மம்மாவிடம் விட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவர்கள் எம்மிடையே இருக்கின்றோம். "நான் நல்ல தாயில்லையோ" என்ற கேள்வியைக் களப்பணியில் அடிக்கடி கேட்கிறேன். அஸ்ட்ரிட்டின் வாழ்க்கை இதற்கு ஒரு பதிலைத் தருகிறது. பிரிவு பிள்ளையை நோகடிக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிந்த தாய் மீண்டும் பிள்ளையின் பக்கத்தில் வந்து அமரலாம். அவன் மனதை அறியலாம். காலம் பிந்திவிட்டது என்று ஒதுங்க வேண்டியதில்லை.

பிள்ளையை விட்டுப் போக நேர்ந்தால், அது தூங்கும்போது சொல்லாமல் புறப்பட வேண்டாம். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். அழுதாலும் பரவாயில்லை. சொல்லாமல் போன தாயைப் பிள்ளை ஒவ்வொரு நித்திரையிலும் தேடும். இறந்தவரைப் பற்றியும் திரும்பாதவரைப் பற்றியும் பிள்ளை கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

கை ஓங்கும் வேளை எமக்கும் வரும். நாள் முழுவதும் கூலி வேலை, கடன்காரரின் ஏச்சு, அதன் பின் பிள்ளையின் குழப்படி. அந்த நேரத்தில் முற்றத்துக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். எங்கள் கோபத்தின் காரணம் அநேகமாகப் பிள்ளையல்ல என்பது அந்தச் சில நிமிடத்தில் தெரியும். அப்படியும் அடக்க முடியவில்லை என்றால் அதை வெட்கமாக நினைக்காமல், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கதையுங்கள். அஸ்ட்ரிட்டும் ஒரு சட்டத்தரணியின் கதவைத் தட்டித்தான் வழியைக் கண்டார்.

இரவில் பத்து நிமிடம் ஒரு கதை சொல்லுங்கள். புத்தகம் தேவையில்லை. எழுத வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. கதை கடனை அடைக்காது, போனவரைத் திருப்பித் தராது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் முழுவதும் தாய் தனக்கு என்று இருந்தாள் என்பதைப் பிள்ளை மறக்காது. உங்கள் பிள்ளை நீங்கள் கேள்விப்படாத ஒரு பெயரைச் சொல்லிக் கதை கேட்டால், "யார் அது?" என்று கேட்காமல் தொடங்குங்கள்.